பேதியில் 100, மோர் குடித்து 168: அப்பாவின் பிபி ஏன் இப்படி ஆடுகிறது?

கேள்வி: என் அப்பாவுக்கு 64 வயது, எடை 60 கிலோ. அருப்புக்கோட்டைப் பக்கம் கிராமம். இன்னமும் தோட்ட வேலை பார்க்கிறார். ஏழு வருடமாக பிபி மாத்திரை சாப்பிட்டு வந்தார்: காலையில் டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்தது ஒன்று, ராத்திரி அம்லோடிபின் ஒன்று. 136/84 என்ற அளவில் நன்றாகத்தான் இருந்தது. சித்திரையில் ஊர்த் திருவிழாவுக்குப் போய்வந்ததும் இரண்டு நாள் பேதி. மூன்றாம் நாள் விடியற்காலை பாத்ரூம் போக எழுந்தவர் கண் இருட்டி விழுந்துவிட்டார். பக்கத்து கிளினிக்கில் பிபி 100/70, நாடி 112 என்று சீட்டில் எழுதி, ‘லோ பிபி, ரத்தமும் கம்மி’ என்று இரண்டு பாட்டில் சலைன் ஏற்றினார்கள். மறுநாள் எடுத்த டெஸ்டில் ஹீமோகுளோபின் 12.8. எக்கோவில் ‘இதயச் சுவர் லேசாகத் தடித்திருக்கிறது’ என்று இருக்கிறது. அன்றோடு அப்பா எல்லா மாத்திரையையும் நிறுத்திவிட்டார். ரத்தம் ஊற மாதுளை, பிபி ஏற உப்பு போட்ட மோர் என்று தினமும் நடக்கிறது. மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் 168/96. ஹை பிபிக்காரருக்கு லோ பிபி எப்படி வரும்? ரத்தம் உண்மையிலேயே குறைந்ததா? மாத்திரையைத் திரும்ப ஆரம்பிக்கலாமா? ‘ரத்ததானம் செய்தால் பிபி இறங்கும்’ என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள், அது சரியா?

பதில்: அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். 168/96 என்பது இன்றைக்கு ராத்திரியே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய அளவு இல்லை. அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடிய அளவும் இல்லை. இந்த வாரத்துக்குள் அவர் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். பழைய மாத்திரைகள் அத்தனையையும் நீங்களாக ஒரே நாளில் திரும்ப ஆரம்பிக்க வேண்டாம். நெஞ்சுவலி, மூச்சு வாங்குதல், பேச்சுக் குழறல், வாய் கோணுதல், ஒரு பக்கக் கை காலில் பலம் போவது, இதில் எது வந்தாலும் பிபி எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

இனி நடந்ததைப் பார்ப்போம். உங்கள் கடிதத்தில் மூன்று வேறு வேறு அளவுகள் ஒன்றாகக் கலந்துவிட்டன. உடம்பில் மொத்தம் எத்தனை லிட்டர் ரத்தம் இருக்கிறது என்பது ஒன்று. அந்த ரத்தத்தில் சிவப்பணுக்கள் எவ்வளவு அடர்த்தியாக இருக்கின்றன என்பது இரண்டாவது. ஹீமோகுளோபின் காட்டுவது அதைத்தான். தமனிக்குள் ரத்தம் என்ன அழுத்தத்தில் ஓடுகிறது என்பது மூன்றாவது, அதுதான் பிபி. ஒன்று குறைந்தால் மற்றவையும் குறைந்தே ஆகவேண்டும் என்று கிடையாது. உங்கள் அப்பாவுக்கு அந்த விடியற்காலையில் குறைந்தது முதலாவது. அதைத் தொடர்ந்து மூன்றாவதும் இறங்கியது. இரண்டாவது அந்த நேரத்தில் குறைந்திருக்கவே வாய்ப்பில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

வளர்ந்த ஆணுக்கு ஒரு கிலோ எடைக்குச் சுமார் 70 மி.லி. ரத்தம். 60 கிலோ எடைக்கு 4.2 லிட்டர். அதில் பாதிக்குச் சற்று மேலே பிளாஸ்மா என்கிற உப்பும் புரதமும் கலந்த நீர்; மீதி அணுக்கள். இந்த நாலு லிட்டரும் உடம்பு முழுக்கச் சமமாகப் பரவிக் கிடப்பதில்லை. மூன்றில் இரண்டு பங்கு எந்த நேரமும் சிரைகளில், அதாவது இதயத்துக்குத் திரும்பும் குழாய்களில்தான் இருக்கிறது. நாம் பிபி என்று அளக்கும் தமனிகளில் இருப்பது ஏழில் ஒரு பங்குதான். சிரைகளின் சுவர் மெல்லியது, நெகிழ்வானது. கொஞ்சம் கூடுதலாக வந்தால் விரிந்து இடம் கொடுக்கும், குறைந்தால் சுருங்கி இருப்பதை இதயத்தின் பக்கம் தள்ளும். அதனால் ரத்த அளவு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் முதலில் அதைச் சமாளிப்பது சிரைகள்தான். பிபி மிஷினில் ஒன்றும் தெரியாது.

அடுத்தது இதயம். அது தனக்குத் திரும்பி வருகிற அளவைத்தான் வெளியே தள்ள முடியும். ஜெர்மனியில் ஓட்டோ ஃபிராங்க் என்பவரும், பிறகு இங்கிலாந்தில் எர்னஸ்ட் ஸ்டார்லிங்கும் கண்டறிந்த விதி இது. இதய அறை எவ்வளவு நிரம்பி இழுபடுகிறதோ, அந்த அளவுக்கு அடுத்த துடிப்பின் வலு கூடும். குறைவாக நிரம்பினால் குறைவாகத்தான் தள்ளும். ஓய்வாக இருக்கும்போது ஒரு துடிப்புக்கு 70 மி.லி., நிமிடத்துக்கு 70 துடிப்பு, ஆக நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர். இதயம் தள்ளும் இந்த அளவும், சின்னத் தமனிகள் எவ்வளவு இறுகியிருக்கின்றன என்பதும் சேர்ந்துதான் பிபியைத் தீர்மானிக்கின்றன. ரத்த அளவு பிபியை நேராகத் தொடுவதில்லை, இதயம் நிரம்புவதன் வழியாகத் தொடுகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது.

பேதியில் போவது வெறும் தண்ணீர் இல்லை, உப்புத் தண்ணீர். இரண்டு நாளில் இரண்டு லிட்டர் போயிருந்தால் (நல்ல பேதியில் இது பெரிய அளவே இல்லை) அதில் நாலில் ஒரு பங்கு, அதாவது அரை லிட்டர், பிளாஸ்மாவின் கணக்கில் குறைந்திருக்கும். மீதி, ரத்தக்குழாய்க்கு வெளியே திசுக்களுக்கு நடுவில் இருக்கும் நீரிலிருந்து போயிருக்கும். 4.2 லிட்டரில் அரை லிட்டர். படுத்திருக்கும்வரை அதை உடம்பு சமாளித்துவிடும்.

சிக்கல் எழுந்து நிற்கும்போதுதான். நிற்கும்போது அரை லிட்டரோ அதற்கு மேலோ ரத்தம் கால்களிலும் அடிவயிற்றிலும் போய்த் தேங்குகிறது. இது நம் எல்லோருக்கும் தினமும் நடப்பதுதான். தண்ணீர் நிரப்பிய நீளமான பாலிதீன் பையைப் படுக்க வைத்திருந்து திடீரென்று நிமிர்த்திப் பிடித்தால் அடிப்பக்கம் உப்பி மேல்பக்கம் தொய்வது போல. உடனே கழுத்துத் தமனியிலும் மகாதமனி வளைவிலும் இருக்கும் அழுத்த உணரிகள் மூளைக்குத் தகவல் சொல்கின்றன. சில நொடிகளில் இதயம் வேகமாகத் துடிக்கிறது, குழாய்கள் இறுகுகின்றன. நாம் எதுவும் நடக்காதது போல நடந்து போகிறோம். அப்பாவுக்கு பேதியில் ஏற்கெனவே அரை லிட்டர் குறைவு, நின்றதும் காலுக்கு இன்னொரு அரை லிட்டர். இதயம் நிரம்பவில்லை, மூளைக்குப் போய்ச் சேரவில்லை, கண் இருட்டிவிட்டது. அதுவும் ராத்திரி முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் படுத்து எழுந்த நேரம்.

சரி, பேதி வந்த எல்லோரும் விழுவதில்லையே என்று கேட்கலாம். இங்கேதான் மாத்திரைகள் வருகின்றன. ஹைட்ரோகுளோரோதயசைடு என்பது நீர் மாத்திரை. பேதியில் உப்பு போய்க்கொண்டிருக்கும்போதே சிறுநீரகம் வழியாகவும் உப்பை வெளியேற்றிக்கொண்டிருந்தது. ரத்த அளவு குறையும்போது உடம்பு ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோனைச் சுரந்து குழாய்களை இறுக்கும், உப்பைப் பிடித்து வைக்கும். டெல்மிசார்டன் அந்த ஹார்மோனின் வேலையைத் தடுப்பதற்கென்றே உள்ள மாத்திரை. அம்லோடிபின் தமனிகளைத் தளர்த்தும் மாத்திரை. சாதாரண நாளில் மூன்றும் நல்லவை, அவரைக் காப்பாற்றியவை. பேதி நாளில் மூன்றுமாகச் சேர்ந்து உடம்பின் அவசர வழிகளை ஒவ்வொன்றாக அடைத்துவிட்டன. திறந்திருந்த ஒரே வழி இதயம் வேகமாகத் துடிப்பது. சீட்டில் இருக்கும் 112 அதுதான்.

அந்த 112-ஐ எழுதிவைத்த நர்ஸுக்கு நான் நன்றி சொல்வேன். அந்தச் சீட்டில் எனக்கு 100/70-ஐ விட முக்கியமாகப் படுவது நாடிதான். ரத்த அளவு குறையும்போது பிபியின் மேல் எண் கடைசியில்தான் இறங்கும். விபத்தில் ரத்தம் போகிறவர்களுக்கு டாக்டர்கள் வைத்திருக்கும் கணக்கு இது: மொத்த ரத்தத்தில் 15 சதவீதம் வரை போனால் பிபியில் ஏறக்குறைய ஒன்றும் தெரியாது. 15 முதல் 30 சதவீதம் வரை நாடி 100-ஐத் தாண்டும், மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள இடைவெளி குறுகும். மேல் எண் அப்போதும் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். 30 சதவீதத்தைத் தாண்டிய பிறகுதான் அது சரியும். அந்த நேரம் ஆபத்து வாசலைத் தாண்டி உள்ளே வந்திருக்கும். அப்பாவின் இடைவெளியைப் பாருங்கள்: வழக்கமாக 136-க்கும் 84-க்கும் நடுவில் 52. அன்றைக்கு 100-க்கும் 70-க்கும் நடுவில் 30. மாத்திரைகள் குழாய்களை இறுக விடாததால் அவருக்கு மேல் எண்ணும் சீக்கிரமே இறங்கிவிட்டது. 

இந்த இடைவெளியைப் பற்றி இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். டெங்கு சீசனில் எல்லா வீட்டிலும் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கையைத்தான் கிரிக்கெட் ஸ்கோர் போலக் கேட்கிறார்கள். தீவிர டெங்குவில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் தட்டணுக் குறைவு இல்லை. பிளாஸ்மா குழாய்களிலிருந்து கசிந்து நெஞ்சுக்கூட்டிலும் வயிற்றிலும் தேங்கி, குழாய்க்குள் ரத்த அளவு குறைவதுதான். வெளியே ஒரு சொட்டு ரத்தம் வராமலே இது நடக்கும். இரண்டு எண்களுக்கும் உள்ள இடைவெளி 20 அல்லது அதற்குக் கீழே போவது அதிர்ச்சி நிலையின் (ஷாக், அதாவது உறுப்புகளுக்குப் போதிய ரத்தம் போகாத நிலை) அடையாளம். காய்ச்சல் விட்ட பிறகு கை கால் சில்லிட்டு, வயிற்றுவலியும் வாந்தியும் சோர்வுமாக இருக்கும் பிள்ளையை ‘காய்ச்சல்தான் விட்டுவிட்டதே’ என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

ஹீமோகுளோபினுக்கு வருகிறேன். பேதியில் போனது பிளாஸ்மா நீர், சிவப்பணுக்கள் இல்லை. அதனால் விழுந்த நேரத்தில் ரத்தம் கெட்டிப்பட்டிருக்கும். அப்போது எடுத்திருந்தால் ஹீமோகுளோபின் வழக்கத்தைவிடக் கூடுதலாகத்தான் காட்டியிருக்கும். டெஸ்ட் எடுத்தது மறுநாள், இரண்டு பாட்டில் ஏறிய பிறகு. நீர் சேர்ந்து நீர்த்த ரத்தத்தில் 12.8. ஆண்களுக்கு 13-க்குக் கீழே சோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இந்த 12.8-ஐ வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. பேதி எல்லாம் நின்று நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் இப்போது ஒருமுறை எடுங்கள். 13-க்கு மேல் இருந்தால் விஷயம் முடிந்தது. குறைவாகவே இருந்தால், 64 வயது ஆணுக்கு அது எங்கே குறைகிறது என்று தேட வேண்டும்: வயிற்றுப் புண், மூலம், குடலில் கசிவு, சிறுநீரகம். மாதுளை நல்ல பழம், சாப்பிடட்டும். அதில் இரும்புச்சத்து மிகக் குறைவு. சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்பதற்கு வேறு ஆதாரம் இல்லை.

அந்த இரண்டு பாட்டில்? அன்றைக்கு அது தேவையான மருத்துவம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் சலைனில் ஏற்றுவதில் நாலில் ஒரு பங்குதான் கொஞ்ச நேரம் கழித்துக் குழாய்க்குள் தங்கும். மீதி திசுக்களுக்குப் போய்விடும். இரண்டு அரை லிட்டர் பாட்டில் ஏற்றினால் குழாயில் நிற்பது கால் லிட்டர். அதோடு 9 கிராம் உப்பும் உடம்புக்குள் போயிருக்கிறது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பேதியில் இழந்தவருக்கு அந்த 9 கிராம் மருந்து. ‘உடம்பு அசதியா இருக்கு, ஒரு பாட்டில் ஏத்தி விடுங்க’ என்று மாதம் ஒருமுறை கிளினிக் படியேறும் ஹை பிபிக்காரருக்கு அது வேறு கதை. குளுக்கோஸ் பாட்டிலாவது தெம்பு தருமா என்றால், 5 சதவீத குளுக்கோஸ் அரை லிட்டரில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. இரண்டு இட்லி சாப்பிட்டால் ஆகிற காரியம்.

இப்போது ஏறின பக்கத்துக்கு வருவோம். மூன்று வாரத்தில் 168 எப்படி? மாத்திரை நின்றது பெரிய காரணம். உப்பு மோர் அதற்குத் துணை. ஒரு லிட்டர் சலைனில் 9 கிராம் உப்பு என்று பார்த்தோம். அதையே திருப்பிப் போட்டால், சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாமல் உடம்பில் நின்றுபோகும் ஒவ்வொரு 9 கிராம் உப்பும் ஒரு லிட்டர் நீரைத் தன்னோடு பிடித்து வைக்கும். தாகம் எடுக்க வைத்தே அந்த நீரை வாங்கிக்கொள்ளும். அதில் கால் பங்கு குழாய்க்குள். இதயம் அதிகம் நிரம்பும், அதிகம் தள்ளும், அழுத்தம் ஏறும்.

ஆரோக்கியமான சிறுநீரகம் இதை ஓரிரு நாளில் சரிசெய்துவிடும். அழுத்தம் கொஞ்சம் ஏறினாலே கூடுதல் உப்பையும் நீரையும் சிறுநீரில் விடுவது அதன் குணம். அமெரிக்க உடலியல் அறிஞர் ஆர்தர் கைட்டன் வாழ்நாளெல்லாம் வாதிட்டது இதைத்தான்: நாள்கணக்கில் பிபியை நிர்ணயிப்பது சிறுநீரகம், எந்த அழுத்தத்தில் அது உப்பை விடச் சம்மதிக்கிறது என்பதே கேள்வி. பிபி நோயாளிக்கு அந்த ‘சம்மத அளவு’ மேலே ஏறிப்போயிருக்கிறது. 120-ல் விட வேண்டிய உப்பை 160 வந்தால்தான் விடுகிறது. அப்படியானால் பிபி உள்ள எல்லோருக்கும் உடம்பில் ரத்தம் அதிகமா என்றால், இல்லை. நாளாக நாளாகச் சின்னத் தமனிகள் இறுகிக்கொள்கின்றன. லிட்டர் கணக்கில் பார்த்தால் பெரும்பாலானவர்களுக்கு ரத்தம் எல்லோருக்கும் உள்ள அளவுதான். நீர் மாத்திரையும் முதல் சில வாரம் ரத்த அளவைக் குறைக்கும். அப்புறம் அளவு ஏறக்குறைய பழையபடி ஆகிவிட, குழாய்கள் தளர்ந்த நிலையில் பிபி கட்டுக்குள் நிற்கும்.

அழுத்தத்துக்கும் அளவுக்கும் உள்ள உறவை அளந்து பார்த்த முதல் ஆள் ஒரு பாதிரியார். ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயர், 1733-ல் வெளியிட்ட தன் நூலில் எழுதியிருக்கிறார்: ஒரு பெண் குதிரையின் தமனியில் பித்தளைக் குழாய் செருகி, அதோடு நீண்ட கண்ணாடிக் குழாயை இணைத்தார். ரத்தம் 8 அடி 3 அங்குலம் ஏறி நின்றது. அதோடு விடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தை வெளியேற்றி, ஒவ்வொரு முறையும் உயரம் எவ்வளவு என்று குறித்துக்கொண்டே போனார். பாவம் குதிரை. நாம் இன்று கையில் பட்டை கட்டிக் காற்றடித்து அளப்பது 1896-ல் இத்தாலியின் ரிவா-ரோச்சி கொண்டுவந்த வழி; அதற்கு ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்கச் சொன்னவர் 1905-ல் ரஷ்யாவின் கொரோட்காஃப்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது நீங்கள் போகிற போக்கில் எழுதிய எக்கோ வரிதான். இடது கீழறை வருடக்கணக்கில் உயர்ந்த அழுத்தத்துக்கு எதிராகத் தள்ளித் தள்ளி, அதன் சுவர் தடித்திருக்கிறது. உடற்பயிற்சியில் புஜம் ஏறுவது போல நல்ல செய்தி என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். தடித்த சுவர் விறைப்பானது, எளிதில் விரிந்து கொடுக்காது. விரியாத அறை நிரம்ப வேண்டுமானால் சிரைப் பக்கத்திலிருந்து நல்ல தள்ளுதல் வேண்டும். ரத்த அளவு கொஞ்சம் குறைந்தாலும் அந்த அறை சரியாக நிரம்பாது, பிபி சட்டென்று இறங்கும். அளவு கூடினாலும் அந்த அறை இடம் கொடுக்காது. அழுத்தம் பின்பக்கமாக நுரையீரலுக்கு ஏறும், படுத்தால் மூச்சு வாங்கும். இருபது வயதுப் பையன் அரை லிட்டர் கூடினாலும் குறைந்தாலும் உணரமாட்டான். உங்கள் அப்பாவின் இதயத்துக்கு இரண்டு பக்கமும் இடைவெளி குறைவு. ஹை பிபிக்காரர் லோ பிபியில் விழுந்தது விசித்திரம் இல்லை. ஹை பிபி இருந்ததால்தான் அவ்வளவு எளிதாக விழுந்தார். அதே காரணத்தால்தான் உப்பு மோர் வைத்தியமும் அவருக்கு ஆகாது.

168 அப்படியே இருந்தால் என்ன என்று அப்பா கேட்பார். ‘எனக்கு ஒண்ணும் பண்ணலையே’ என்பார். பண்ணாதுதான், அதுதான் இதன் தொல்லை. 40 முதல் 69 வயது வரை உள்ளவர்களில், மேல் எண் 115-லிருந்து ஒவ்வொரு 20 ஏறும்போதும் பக்கவாதத்தாலும் மாரடைப்பாலும் இறக்கும் ஆபத்து ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்பது லட்சக்கணக்கானவர்களைப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகளின் முடிவு. மாத்திரையோடு இருந்த 136-க்கும் இப்போதைய 168-க்கும் உள்ள தூரம் 32. இதை அவரிடம் அப்படியே சொல்லுங்கள். பயமுறுத்துவதற்கு இல்லை, மாத்திரையை நிறுத்தியதன் விலை அது.

டாக்டரிடம் போகும்போது கிளினிக் சீட்டு, எக்கோ, பழைய மாத்திரை அட்டைகள் எல்லாம் எடுத்துப் போங்கள். கிரியேட்டினின், சோடியம், பொட்டாசியம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பேதியும் இந்த மாத்திரைகளும் சேர்ந்தால் சிறுநீரகம் அடிபடலாம், சோடியமும் இறங்கலாம். பிபியை உட்கார்ந்த நிலையில் மட்டும் பார்க்காமல், ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒருமுறை, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். நின்றதும் மேல் எண் 20-ம் அதற்கு மேலும், அல்லது கீழ் எண் 10-ம் அதற்கு மேலும் இறங்கினால் அதற்கேற்பத்தான் மாத்திரையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கூட்டம் உள்ள ஓ.பி.யில் இதைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். பரவாயில்லை, கேளுங்கள். அக்னி நட்சத்திர வெயிலில் தோட்டத்தில் வியர்வை சிந்துகிறவருக்கு நீர் மாத்திரை வேண்டுமா, அளவைக் குறைக்கலாமா, ஒன்றொன்றாக ஆரம்பிக்கலாமா என்பதை டாக்டர் முடிவு செய்வார். எந்த மாத்திரையை ஆரம்பித்தாலும் மலிவானது, பழையது என்று யோசிக்க வேண்டாம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலும், மக்களைத் தேடி மருத்துவம் வழியாக வீட்டிலும் கிடைக்கும் அம்லோடிபினும் அதே வேலையைத்தான் செய்கிறது.

ஒன்று மறக்காமல் கேளுங்கள்: ‘அடுத்த முறை வாந்தி பேதி வந்தால் எந்த மாத்திரையை எத்தனை நாள் நிறுத்தணும், எப்போ திரும்ப ஆரம்பிக்கணும்?’ நீர் மாத்திரையையும் டெல்மிசார்டன் வகையையும் அந்த ஓரிரு நாள் நிறுத்தி, சாப்பாடும் தண்ணீரும் பழையபடி ஆன பிறகு தொடரச் சொல்வதுதான் பல டாக்டர்களின் வழக்கம். அப்பாவுக்கு என்ன என்பதை அவருடைய டாக்டரே சீட்டில் எழுதித் தரட்டும். அதை மாத்திரை டப்பாவில் ஒட்டிவிடுங்கள். பேதி நாளில் ஓஆர்எஸ் பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுசாகக் கலக்க வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீரில் பாதிப் பாக்கெட்டைக் கொட்டிக் குடிப்பதை நிறையப் பேர் செய்கிறார்கள், உப்பு கெட்டியாகிப் பேதி இன்னும் கூடும். பேதி நின்றதும் ஓஆர்எஸ்ஸையும் நிறுத்திவிடுங்கள், அது தினசரி பானம் இல்லை.

மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரை போடுகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. தோட்ட வேலை செய்கிற 64 வயதுக்காரர் போடாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அது உப்பைப் பிடித்து வைத்துப் பிபியை ஏற்றும், நீர் மாத்திரையோடும் டெல்மிசார்டனோடும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து, வயிற்றில் புண் வந்து ரத்தமும் கசியலாம். அவருடைய மூன்று அளவுகளையும் ஒரே மாத்திரை கெடுக்கக்கூடிய இடம் இது. டாக்டரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. மோர் குடிக்கட்டும், உப்பு வேண்டாம். கறிவேப்பிலையும் பெருங்காயமும் போதும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய், இதில்தான் கணக்குத் தெரியாத உப்பு இருக்கிறது. இந்துப்பும் பெரும்பாலும் சாதா உப்பேதான், விலை மட்டும் வேறு. பொட்டாசியம் சேர்த்த ‘லோ சோடியம்’ உப்பை டெல்மிசார்டன் சாப்பிடுகிறவர் டாக்டரைக் கேட்காமல் வாங்கக்கூடாது. விடியற்காலை எழும்போது கட்டில் ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, கெண்டைக்கால் சதையை நாலைந்து முறை இறுக்கித் தளர்த்திவிட்டு எழுந்திருக்கட்டும். அந்தச் சதை இறுகும்போது காலில் தேங்கிய ரத்தம் மேலே ஏறும். வீட்டு மிஷினில் பார்ப்பதாக இருந்தால் ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை மேஜையில் நெஞ்சு மட்டத்துக்கு வைத்து, பேசாமல் பாருங்கள். கையை 10 சென்டிமீட்டர் தாழ்த்தி வைத்தாலே 7, 8 கூடுதலாகக் காட்டும்.

கடைசியாக ரத்ததானம். பிபியை இறக்க அது வழி இல்லை. கொடுக்கிற 350 மி.லி.யில் நீர்ப்பகுதியை உடம்பு ஓரிரு நாளில் நிரப்பிக்கொள்ளும். சிவப்பணுக்கள் ஊறத்தான் வாரக்கணக்கில் ஆகும். நோய் தீர ரத்தம் எடுப்பது ஐரோப்பாவில் அட்டைப் பூச்சி விட்ட காலத்து யோசனை. அதுவும் போக, அப்பாவால் கொடுக்கவும் முடியாது: நம் நாட்டு விதிப்படி அன்றைய பிபி மேல் எண் 140-க்கும் கீழ் எண் 90-க்கும் உள்ளே இருக்க வேண்டும், ஹீமோகுளோபின் 12.5-க்குக் குறையக்கூடாது, 60 வயதுக்கு மேல் முதல் முறையாகக் கொடுக்க வருகிறவர்களை ஏற்பதில்லை. உங்களுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் விருப்பமிருந்தால் போய்க் கொடுங்கள். முகாமில் பிபியையும் ஹீமோகுளோபினையும் பார்த்துவிட்டுத்தான் ஊசி குத்துவார்கள். அப்பாவுக்குப் பிபி இருக்கும் வீட்டில் முப்பது வயதைத் தாண்டியவர்கள் அந்த எண்ணைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.